தேர் பார்க்கப் போகுமுன் படலைப் பாருங்கள்: மலையகத்துக் கூட்டங்களில் வெளியேறும் வழியை முன்கூட்டியே தேர்ந்து வைப்பது எப்படி?

சில வருடங்களுக்கு முன் எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் இராத் தேர். சாமி தேரில் ஏறிய நேரம் யாரோ கொளுத்திய வாணம் ஒன்று மேலே போகாமல் சாய்ந்து வந்து பந்தல் ஓரத்து ஓலையில் விழுந்தது. பெரிய தீ ஒன்றுமில்லை, பூசாரியார் ஒரு குடம் தண்ணீரில் அணைத்துவிட்டார். ஆனால் "தீ" என்று யாரோ கத்தியதும் இன்னொருவர் பயந்துபோய் மின்சாரத்தை நிறுத்திவிட்டார். இருட்டில் அத்தனை பேரும் தாங்கள் ஏறி வந்த படிக்கட்டையே தேடி ஓடினார்கள். செங்குத்தான படிகள், இரண்டு பக்கமும் வளையல் கடை, பஞ்சுமிட்டாய்க் கடை. அக்காவின் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நாலைந்து படி இறங்கியிருப்பேன். அதன் பிறகு என் கால்கள் தரையில் படவில்லை. கூட்டமே என்னைத் தூக்கிக்கொண்டு போனது. கீழே வந்தபோது கணுக்காலில் கயிற்றுத் தழும்பு: கடைக்காரர் படங்கை (தார்ப்பாயை) இழுத்துக் கட்டிய நைலோன் கயிறு. ஒருவருக்குக் கை முறிந்தது, இரண்டு பேருக்கு மூச்சு முட்டியது. உயிர்ச்சேதம் இல்லை என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

மறுநாள் காலை செருப்பைத் தேடிப் போனேன். கோயிலுக்குப் பின்னால் மடைப்பள்ளி. அதை ஒட்டி ஒரு மூங்கில் படல். படலைத் தள்ளினால், தோட்டத் தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களம் வரை ஏற்ற இறக்கம் இல்லாமல் போகும் வண்டிப் பாதை. விறகு கொண்டுவர வைத்த வழி. முந்தைய இரவு அந்த வழியாக வெளியேறியவர்கள் சமையல் வேலையில் இருந்த மூன்று பேர் மட்டும்தான்.

அன்றிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதலில் படலைத் தேடுகிறேன். வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

வந்த வழி ஏன் நம்மை இழுக்கிறது?

பயம் வந்ததும் கால் தெரிந்த வழிக்குத்தான் போகும். 2003 பெப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு இசை விடுதியில் மேடை வாணத்தால் தீப்பிடித்தது. வேறு வாசல்கள் இருந்தும் பெரும்பாலானவர்கள் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலுக்கே ஓடி அங்கேயே அடைபட்டார்கள். 100 பேர் இறந்தார்கள்.

மலைநாட்டில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது, அதுதான் சாய்வு. தென்கொரியாவின் இத்தேவோனில் 2022 அக்டோபர் 29 இரவு 159 பேர் உயிரிழந்த சந்து ஏறத்தாழ 3 மீற்றர் அகலமே உள்ள ஓர் இறக்கம். மேலே நிற்பவர்களின் பாரம் கீழே நிற்பவர்களின் நெஞ்சில் இறங்கியது. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு நம் கோயில் படிக்கட்டுகள்தான் நினைவுக்கு வந்தன. இப்படிப்பட்ட நெரிசலில் இறப்பவர்கள் பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே, நெஞ்சு விரிய இடமில்லாமல், மூச்சடைத்து இறக்கிறார்கள்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதையும் ஒரே சொல்லில் அடக்கிவிடலாம்: பக்கவாட்டில். கூட்டம் நெருக்கினாலும் மேட்டிலிருந்து மண் இறங்கினாலும் கீழே ஓடுகிறவனைப் பின்னாலேயே அது துரத்தி வரும். பக்கவாட்டில் விலகுகிறவனை விட்டுவிட்டுப் போகும். ஆனால் பக்கவாட்டில் பள்ளமா, தேயிலையா, பாதையா என்பதை இருட்டில் கண்டுபிடிக்க முடியாது. பகலில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் படி: முந்தின நாள் மூன்று கேள்வி

மழை எப்படி? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று கட்டமாக விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருங்கள், 100 ஆனால் வெளியேற ஆயத்தமாகுங்கள், 150 ஆனால் வெளியேறிவிடுங்கள் என்பது அவர்கள் மக்களுக்குச் சொல்லிவரும் கணக்கு. விழா நடக்கும் பிரதேசத்துக்குச் சிவப்பு என்றால் போகாதீர்கள். செம்மஞ்சள் என்றால் நானாக இருந்தால் போகமாட்டேன். அம்மன் கோபிக்கமாட்டாள். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நுவரெலியா வசந்த காலக் கூட்டம் சேர்வதும் அதே ஏப்ரலில்தான்.

பாதை எப்படி? நுவரெலியாவிலிருந்து வெளியே போகும் முக்கிய வழிகளை எண்ணிப் பாருங்கள்: றம்பொடை வழியாகக் கண்டி, நானுஓயா, தலவாக்கலை வழியாக ஹட்டன், ஹக்கலை, வெலிமடை வழியாகப் பதுளை, ராகலைப் பக்கமாக உடப்புசல்லாவை. ஒன்று அடைபட்டால் எது என்று வாகன ஓட்டுனருடன் முன்பே பேசிவிடுங்கள். குறுக்கு வழியை நம்பாதீர்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லைக் குறுக்குப் பாதையில் பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் பலியானார்கள். செங்குத்தான இறக்கத்தில் பாரமான வண்டிக்கு அவசரம் ஆகாது.

மூன்றாவது கேள்வி, அந்த இடத்தை யாருக்கு நன்றாகத் தெரியும்? கமிட்டித் தலைவரைக் கேட்டால் முன்வாசலைக் காட்டுவார். கொழுந்து எடுக்கும் ஓர் அம்மாவைக் கேளுங்கள். எந்த நம்பர் மலைக்குள் எந்த அடிப்பாதை போகிறது, எது மழையில் வழுக்கும், எந்தக் கான் (வடிகால்) ஆழம், எந்தப் பாலத்தின் பலகை உளுத்துவிட்டது என்று விரலால் காற்றில் வரைந்து காட்டுவார்கள். ஒரு முறை இப்படிக் கேட்டபோது கிடைத்த பதில்: "தம்பி, அந்தப் பக்கம் போகாதீர்கள், அங்கே குளவி இருக்கிறது." எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல்.

இரண்டாம் படி: வழியை மூன்று துண்டாக வெட்டுங்கள்

கொழும்பில் மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் தெருவில் நிற்பீர்கள், அத்தோடு முடிந்தது. மலையில் அப்படியில்லை. கூட்டத்திலிருந்து திறந்த இடம் ஒரு துண்டு. திறந்த இடத்திலிருந்து வாகனம் வரக்கூடிய பாதை இரண்டாவது துண்டு. அங்கிருந்து வீடு அல்லது வைத்தியசாலை மூன்றாவது. முதல் துண்டை மட்டும் யோசித்தவர்கள் தேயிலை மலைக்குள் இருட்டில் நிற்பார்கள், அட்டைக் கடியோடு.

திறந்த இடம் என்றால் பிரட்டுக்களம், பாடசாலை மைதானம், தொழிற்சாலை முற்றம் போன்றது. மண்திட்டுக்கு நேர் கீழே உள்ள சமதரையைத் திறந்த இடமாக எடுக்காதீர்கள். தேயிலையைத் திறந்த வெளி என்று நினைப்பதும் நகரத்துக்காரர் செய்யும் தவறு. இடுப்பளவு செடிகள் கைகோத்து நிற்கும், நடுவே முழங்கால் ஆழத்தில் கான் ஓடும். தெரிந்த அடிப்பாதை இல்லாமல் அதற்குள் ஓடினால் பத்து அடியில் கால் முறியும்.

மூன்றாம் படி: போனதும் உட்காராதீர்கள், ஒரு சுற்று நடங்கள்

விழா தொடங்க ஒரு மணி நேரம் முன்பே, வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். நான் பார்க்கும் ஒழுங்கு இது.

முதலில் வாசல்கள். எத்தனை, எவ்வளவு அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது. உள்பக்கமாகத் திறக்கும் கதவு நெரிசலில் சுவருக்குச் சமம். பூட்டு தொங்கினால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். "வாசகசாலைச் சாவி அண்ணனிடம்" என்று பதில் வந்தால், அந்த அண்ணன் எங்கே என்றும் கேளுங்கள். என் அனுபவத்தில் பாதி நேரம் அவர் கொழும்புக்குப் போயிருப்பார்.

பிறகு தரை. படங்குக் கயிறுகள் பகலில் கண்ணுக்குத் தெரியும், இரவில் தெரியாது. கடைக்காரரிடம் சொல்லி ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு வெள்ளைத் துணியோ பழைய பிளாஸ்டிக் பையோ கட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், அவர்களும் அதே கயிற்றில் தடுக்கி விழுந்தவர்கள்தான். மூடியில்லாத கான், ஈரச் சிமெந்துப் படி, கைப்பிடி இல்லாத ஓரம் ஆகியவற்றை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு தலைக்கு மேலே. தோட்டங்களுக்கு ஊடாகப் போகும் பெரிய மின்கம்பிகள் சில இடங்களில் 33,000 வோல்ட் கொண்டவை. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். நம் தோட்டத்துப் பாதை ஏறி இறங்குவது. மேட்டில் தேர் ஏறும்போது கம்பி தாழ்ந்துவிட்டது போலாகிவிடும். தேர் போகும் பாதையில் கம்பி குறுக்கிடும் இடம் எது என்று பார்த்து, அந்த இடத்தில் தேரோடு நடக்காமல் பின்தங்குங்கள்.

கடைசியாகக் குளவி. மலையகத்துக்கு வெளியே எழுதப்படும் எந்தப் பாதுகாப்புக் குறிப்பிலும் இது இராது. பெரிய மரக்கிளை, பாறை விளிம்பு, கட்டடத்தின் மேல் விளிம்பு ஆகிய இடங்களில் கூடு இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். தப்பு மேளச் சத்தம், வாணம், கற்பூரப் புகை எல்லாம் கூட்டைக் கலைக்கலாம். கூடு இருந்தால் கதவை அடைக்கக்கூடிய அறை எங்கே என்பதையும் பாருங்கள். குளவி விஷயத்தில் மட்டும் என் "பக்கவாட்டு" விதி செல்லாது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, கையை வீசாமல், நேராக ஓடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும்.

நான்காம் படி: எங்கே நிற்பது

முன்வரிசை ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆனால் தேருக்கு முன்னால், வடத்துக்கும் சுவருக்கும் இடையில் நிற்பதைப் போல மோசமான இடம் வேறில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்கு ஐந்து தேர்கள் நகருக்குள் வருகின்றன. ஒன்று போனதும் ஓய்ந்துவிட்டது என்று பாதைக்குள் இறங்கினால் அடுத்தது வந்துகொண்டிருக்கும். கிளைத் தெரு பிரியும் முனையில், முதுகுக்குப் பின்னால் திறந்த வழி இருக்கும்படி நில்லுங்கள்.

கண்டி எசல பெரஹராவில் சூட்சுமம் வேறு. ஊர்வலம் தொடங்கிய பிறகு வீதியைக் கடக்க முடியாது. ஆகவே உட்காருமுன் எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டும். ரயில் நிலையமும் கண்டி தேசிய வைத்தியசாலையும் நகரின் தென்மேற்கில் இருக்கின்றன. முதியவரோ கர்ப்பிணியோ உடன் வந்தால், ஊர்வலத்தைக் கடக்காமலே அந்தத் திசைக்கு நடக்கக்கூடிய பக்கமாகப் பாருங்கள். யானை வரும் வீதியில் கடையின் மூடிய ஷட்டரில் முதுகைச் சாய்த்து உட்காராதீர்கள். யானை மிரண்டால் உங்களுக்குப் பின்னால் இடமே இல்லை.

மோட்டார் ஓட்டம் என்றால் வளைவின் வெளிப்பக்கம் எப்போதும் தவிர்க்க வேண்டியது. 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் தடத்தை விட்டுப் பாய்ந்தபோது ஓரத்தில் நின்ற 7 பேர் உயிரிழந்தார்கள். நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உயரமான மேட்டில், தடத்திலிருந்து தள்ளி நின்றால் படமும் நன்றாக விழும்.

சிவனொளிபாத மலை தனிக் கதை. டிசம்பர் முதல் மே வரையான பருவத்தில், வார இறுதி விடியலில் உச்சிப் படிகள் அசையாமல் நின்றுவிடும். படிக்கட்டில் பக்கவாட்டு என்று ஒன்றில்லை, ஆகையால் நேரத்தை மாற்றுவதுதான் வழி. வார நாளில் போங்கள், அல்லது உதயம் பார்த்ததும் எல்லாரோடும் இறங்காமல் ஒரு மணி நேரம் காத்திருங்கள். இன்னொன்று: நல்லதண்ணிப் பக்கம் ஏறியவர் கூட்டத்தோடு தவறி இரத்தினபுரிப் பக்கம் இறங்கினால், வேறு மாவட்டத்தில் போய் நிற்பார். குடும்பத்தில் எல்லாருக்கும் "நல்லதண்ணி" என்ற பெயர் வாயில் வர வேண்டும்.

ஐந்தாம் படி: போன் இல்லாமல் சந்திக்கும் இடம்

பள்ளத்தாக்கில் சிக்னல் இராது. சிக்னல் இருந்தாலும் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அழைத்தால் கிடைக்காது. இரண்டு இடங்களைப் பேசி வையுங்கள்: ஒன்று அருகில், ஒன்று கூட்டத்துக்கு முற்றிலும் வெளியே. நுவரெலியா நகரில் செங்கல் நிறப் பழைய தபாலகம் எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தில் என்றால் தொழிற்சாலை வாசல். கோயில் வாசலை மட்டும் சொல்லாதீர்கள், நெருக்கடியில் நீங்கள் விட்டு ஓட வேண்டிய இடமே அதுதான்.

வண்டியை வெளியே போகும் திசைக்குத் திருப்பி நிறுத்துங்கள். தோட்டப் பாதையில் இரண்டு பக்கமும் வேன் நிறுத்தினால் அம்புலன்ஸ் நுழையாது. அப்படி நிறுத்துகிறவர்களில் ஊரின் பெரிய மனிதர்கள்தான் அதிகம், சொன்னால் கோபிப்பார்கள். கையில் சிறிய டோர்ச், காலில் பின்பட்டி உள்ள செருப்பு அல்லது சப்பாத்து. சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: எப்போது கிளம்புவது

இரண்டு தோள்களும் ஒரே நேரத்தில் மற்றவர் மீது உரசுகின்றனவா? கையைத் தூக்கி மூக்கைச் சொறிய முடியவில்லையா? கிளம்பும் நேரம் ஏற்கெனவே வந்துவிட்டது. ஒரு சதுர மீற்றரில் 5 பேருக்கு மேல் நின்றால் ஆபத்து தொடங்குகிறது. 6, 7 ஆகும்போது கூட்டம் தண்ணீர் போல அலையடிக்கும். யாரும் தள்ளாமலே நீங்கள் முன்னும் பின்னும் ஆடினால் அதுதான் அந்த அலை. 2025 செப்டெம்பர் 27 கரூரில் அரசியல் கூட்டமொன்றில் 41 பேர் இறந்த செய்தி நம் வீடுகளிலும் இரவு முழுக்க ஓடியது. மேதினம் என்றாலும் தேர்தல் என்றாலும், ஹட்டன், தலவாக்கலை மைதானங்களில் தலைவர் பிந்தி வரும்போதுதான் கூட்டம் இறுகுகிறது. அவர் மேடையேறும் முன்பே ஓரத்துக்கு வந்துவிடுங்கள். பேச்சு ஒலிபெருக்கியில் எப்படியும் கேட்கும்.

ஏழாம் படி: நடந்துவிட்டால்

நெரிசலில் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். அலையை எதிர்த்து முட்டாதீர்கள். ஒவ்வோர் அலையும் ஓயும் இடைவெளியில் மூலைவாட்டாக ஓரத்துக்கு நகருங்கள். சுவரை ஒட்டி நிற்காதீர்கள். செருப்பு, போன், நகை எது விழுந்தாலும் குனியாதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள், கையைப் பிடித்து இழுத்து வருவது போதாது. கத்தி மூச்சை வீணாக்காதீர்கள். விழுந்துவிட்டால் ஒருக்களித்துச் சுருண்டு தலையைக் கைகளால் மூடி, இடைவெளி கிடைத்ததும் எழும்புங்கள்.

மின்கம்பி அறுந்து விழுந்தால் ஓடாதீர்கள். நிலத்திலும் மின்சாரம் பரவியிருக்கும், அகலக் கால் வைத்தால் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கும். இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையை விட்டு எடுக்காமல், அங்குலம் அங்குலமாக உரசி நகர்ந்து குறைந்தது 10 மீற்றர் விலகுங்கள். கம்பியில் சிக்கியவரைத் தொடாதீர்கள்.

இடி நெருங்கினால் மைதானத்தையும் ஒற்றை மரத்தையும் தகரக் கொட்டகையையும் விட்டு, சுவருள்ள கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ போங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் விழா எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் வெளியேறுங்கள்.

இலக்கங்கள்: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. 1990 சேவைக்குக் கட்டணம் இல்லை. அழைக்கும்போது கோயிலின் பெயரைச் சொன்னால் போதாது, நம் மலைகளில் எத்தனை மாரியம்மன்! தோட்டத்தின் பெயர், மேல் டிவிஷனா கீழ் டிவிஷனா, எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்று சொல்லி, அந்தச் சந்தியில் டோர்ச்சோடு ஓர் ஆளை நிறுத்துங்கள்.

இவ்வளவையும் வீட்டில் ஒரு முறை வாய்விட்டுப் பேசிப் பாருங்கள், பத்து நிமிடம் ஆகும். போன மாதம் அக்காவின் மகளிடம் கேட்டேன்: "கூட்டத்தில் எங்களைக் காணாவிட்டால் எங்கே நிற்பாய்?" யோசிக்காமல் சொன்னாள்: "வளையல் கடையில், மாமா." தொழிற்சாலை வாசல் என்று மூன்று முறை சொல்ல வைத்தேன். சட்டைப் பைக்குள் வைக்கும் துண்டுத்தாளில் அவள் அம்மாவின் இலக்கத்தோடு அதையும் எழுதியிருக்கிறேன்.